வள்ளியூரிலிருந்து ஒரு கவரிங் லெட்டர்

ஜூன் 12, வியாழன்

தங்கை மகள் வேலை விண்ணப்பத்தோடு வைக்கும் கவரிங் லெட்டரை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் பேனல் செய்யும் தொழிற்சாலை, மெயின்டனன்ஸ் டெக்னீசியன் வேலை. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள். 'தங்கள் மேலான பார்வைக்கு என் பயோடேட்டாவை இத்துடன் இணைத்துள்ளேன்' என்பதன் இங்கிலீஷ் வடிவத்தில் தொடங்கி, கடின உழைப்பாளி, நேரம் தவறாதவள் என்று போய், அப்பா பெயர், பிறந்த தேதி, 'மேற்கண்ட யாவும் உண்மை' என்ற உறுதிமொழியோடு முடிகிறது. எல்லாம் அரசு விண்ணப்பத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். டி.என்.பி.எஸ்.சி.க்கு ஆன்லைன் படிவம்தான், கவரிங் லெட்டரே கிடையாது. தனியார் கம்பெனியில் கடிதத்தைப் படிப்பார்கள். ஆனால் அப்பா பெயரைத் தேடிப் படிப்பதில்லை. ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பதால் இது எனக்குத் தெரியும். கீழே வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற கடிதம் ஒரு நிமிடம்கூட மேஜையில் நிற்காது.

ஜூன் 14, சனி

பிள்ளை நேரிலேயே வந்துவிட்டாள். சாட்ஜிபிடி எழுதிய இன்னொரு கடிதமும் கையில். வழவழவென்று இருந்தது, அவளைத்தான் அதில் காணோம்.

விளம்பரத்தை பிரிண்ட் எடுத்து அடிக்கோடு போடச் சொன்னேன். ஷிஃப்ட் வேலை, முன்கூட்டிய பராமரிப்பு, பழுதுப் பதிவேடு. அவர்களுக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்.

"ஏட்டி, அப்ரண்டிஸா இருந்தியே, பிப்ரவரி மாசம் என்ன வேலை பாத்த?"

"காத்தாடிக்கு சர்வீஸ்தான் மாமா. சீசனுக்கு முன்னாடி முடிக்கணும்லா."

பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் அப்ரண்டிஸாக இருந்தவள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும். அந்த மாதங்களில் ஒரு எந்திரம் நின்றால் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். அதனால் காற்று குறைந்த மாதங்களிலேயே பராமரிப்பை முடித்துவிடுவார்கள். பழுதுப் பதிவேடு யார் எழுதினார்கள் என்று கேட்டேன். "நாந்தான்" என்றாள், அதில் என்ன இருக்கிறது என்பது போல. கிண்டிக் கிண்டிக் கேட்டதில் வந்தது: ஒரே பிரேக்கர் திரும்பத் திரும்ப ட்ரிப் ஆவதைப் பதிவேட்டிலிருந்து கண்டுபிடித்து இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறாள். கேபிள் முனை தளர்ந்து சூடாகியிருந்ததாம். முறுக்கிய பிறகு ட்ரிப் ஆகவில்லை.

இதை எங்கே எழுதியிருக்கிறாய் என்றால், எங்கேயும் இல்லை! ரெஸ்யூமேயில் 'ஓராண்டு அப்ரண்டிஸ்' என்று ஒற்றை வரி.

ஜூன் 15, ஞாயிறு

எழுதி முடித்தாள். முதல் பத்தியில் வேலையின் பெயர், விளம்பர எண், எங்கே பார்த்தாள் என்பது. அடுத்ததில் பிரேக்கர் கதை, நாலே வரி. மூன்றாவதில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று உண்டு: வேலை கிடைத்தால் தாழையூத்தில் உறவினர் வீட்டில் தங்கி எல்லா ஷிஃப்டுக்கும் வர முடியும். வள்ளியூர் முகவரியைப் பார்த்ததும், இந்தப் பிள்ளை தினமும் திருநெல்வேலியைத் தாண்டி எப்படி வரும் என்றுதான் ஆள் எடுப்பவர் யோசிப்பார். அவர் கேட்குமுன் பதில் வந்துவிடுகிறது. எப்போது சேர முடியும், போன் எண், முடிந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

'சிறுவயது முதலே சூரிய சக்தியில் தீராத ஆர்வம்' என்ற வரியை விடமாட்டேன் என்றாள். அவள் அத்தை சிரித்த சிரிப்பில் அதுவாகவே போய்விட்டது.

ஜூன் 17, செவ்வாய்

மெயில் போய்விட்டது. தலைப்பில் வேலையின் பெயரும் விளம்பர எண்ணும், உள்ளே கடிதம், இணைப்பில் அவள் பெயரிட்ட பிடிஎஃப். 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ' என்றிருந்ததை மாற்றச் சொன்னேன்.

ராத்திரி மறுபடி போன். ஒரு சிமென்ட் ஆலையிலும் ஆள் எடுக்கிறார்களாம், இதையே பெயர் மாற்றி அனுப்பட்டுமா என்று கேட்டாள். அங்கே என்ன கேட்டிருக்கிறார்கள் என்றேன். பேனல் வயரிங்காம், சோலார் பேனல் இல்லை, ஸ்விட்ச் பிரேக்கர் எல்லாம் இருக்கும் மின் பலகைக்குள் வயர் இணைக்கிற வேலை.

"அப்ப ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்தா மாமா?"

"நடுப் பத்தி மட்டும் போதும். காலேஜ்ல பேனல் வயரிங் பண்ணியிருக்கியா, அதைச் சொல்லு முதல்ல."