வீடு மாற்றும் மாதம்

மே 4, ஞாயிறு

அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன. சின்னவன் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். மறைக்காதீங்க என்கிறார் அவனுடைய ஆட்டிசத்துக்குப் பயிற்சி தருகிற ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) மேடம். தினம் ஒரு பெட்டியை அவன் எதிரிலேயே கட்ட வேண்டுமாம், புது வீட்டுப் படத்தைச் சுவரில் ஒட்ட வேண்டுமாம், காலண்டரில் அந்த நாளை அவனையே வட்டம் போட வைக்க வேண்டுமாம். சரி, நாளையிலிருந்து. இன்று தெம்பில்லை.

மே 5, திங்கள்

அவனைச் சேர்க்கக் கேட்டிருந்த பள்ளியிலிருந்து போன் இல்லை.

மே 7, புதன்

நாத்தனார் கிண்டிலில் நாவல்கள் வாங்கி அனுப்பியிருக்கிறாள். "படிங்க அண்ணி, மனசுக்கு இதமா இருக்கும்." எல்லாவற்றிலும் ஆட்டிசக் குழந்தை. எல்லா அட்டையிலும் ஒரு பையன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

ராத்திரி இரண்டு மணி வரை விழித்து ஒன்றை முடித்தேன். அழுதேன், அது வேறு விஷயம். அப்பாவுக்கு நேரமில்லை, அம்மா தனியாகக் கிடந்து அல்லாடுகிறாள், குடும்பம் உடையப் போகிற நேரத்தில் பையனிடம் ஒரு அபூர்வத் திறமை வெளிப்படுகிறது, ஊரே கைதட்டுகிறது, கடைசிப் பக்கத்தில் அவனாகவே வந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறான். முற்றும். மறுநாள் காலை அவன் பல் தேய்த்தானா? சுடுதண்ணீர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டானா? ஒருத்தரும் எழுதுவதில்லை.

கீத் ஸ்டூவர்ட்டின் 'எ பாய் மேட் ஆஃப் பிளாக்ஸ்' மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. 2016-இல் வந்தது. வீடியோ கேம் பற்றி எழுதுகிற பத்திரிகையாளர், சொந்தப் பிள்ளையை வளர்த்த அனுபவத்திலிருந்து எழுதியது. அப்பாவும் மகனும் மைன்கிராஃப்ட் விளையாடி நெருங்குகிறார்கள். ஆனால் அந்த அப்பா தொடக்கத்தில் வீட்டை விட்டே விலகி இருக்கிறார். அதுதான் எனக்குப் பிடித்தது. இவருக்கு அதை வாசித்துக் காட்டினேன். "நான் எங்கேயும் ஓடலியே" என்றார். யாரும் சொல்லவில்லையே!

மே 8, வியாழன்

ஃபேன் மூன்றில்தான் ஓட வேண்டும். நான்கில் வைத்தால் அழுகை, இரண்டில் வைத்தாலும் அழுகை. வியர்த்துக் கொட்டுகிறது.

மே 11, ஞாயிறு

அத்தை போனில் அரை மணி நேரம். "சின்ன வயசுல போனைக் கையில குடுத்ததுதான் காரணம்னு டிவில சொன்னாங்கம்மா." வழக்கம்போல "ஆமாங்கத்தை" என்று சொல்லி வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். நன்றாகவே தேய்த்தேன், ஒரு டம்ளர் நசுங்கிவிட்டது.

அத்தையை மட்டும் சொல்லி என்ன? பெரிய படிப்பு படித்தவர்களே இதைத்தான் சொன்னார்கள். பாசமில்லாத அம்மாக்கள், ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர்ந்த அம்மாக்கள், அதனால்தான் பிள்ளை இப்படி என்று. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதை ஒரு தடிமனான புத்தகமாகவே போட்டார். பிள்ளை ஒரு காலிக் கோட்டையாம். தனக்கே ஆட்டிசப் பிள்ளை இருந்த பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் மூன்று வருஷம் முன்பே, இது மூளை சம்பந்தப்பட்டது, அம்மாவின் வளர்ப்பு இல்லை என்று எழுதிவிட்டார். யார் கேட்டார்கள்?

அதே 1967-இல் அமெரிக்காவில் கிளாரா கிளெய்போர்ன் பார்க் என்ற அம்மா தன் மகளைப் பற்றி எழுதினார், 'தி சீஜ்'. முற்றுகை. அவர் கண்ணுக்கும் கோட்டைதான், ஆனால் வெளியே கூடாரம் போட்டு விடாமல் உட்கார்ந்திருப்பது அம்மா. நாவல் இல்லை, நடந்தது. ஒரு டம்ளரைப் பிடிக்க வைக்க எத்தனை பாடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். இதை வைத்துக்கொண்டு தூங்கலாம்.

மே 12, திங்கள்

காலண்டரில் வட்டம் போட்டான். பிறகு எல்லா நாளையும் வட்டம் போட்டான்.

மே 16, வெள்ளி

பெட்டி கட்டினோம். புத்தக அலமாரி காலியானதும் ஆரம்பித்துவிட்டான். காதைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து, அந்தப் பெண் குரலிலேயே: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி எண் ஒன்று இரண்டு ஆறு ஐந்து நான்கு, திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை எழும்பூர் வரை செல்லும் மலைக்கோட்டை விரைவு வண்டி..." சாயங்காலம் முழுக்க. கீழ் வீட்டு மாமி, "ரேடியோவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அலமாரியில் ஒரு தட்டில் மட்டும் புத்தகங்களைத் திரும்ப அடுக்கினேன். குரல் மெல்லக் குறைந்தது. அந்தத் தட்டு லாரி வருகிற அன்று கட்டப்படும். இவர் முறைத்தார். முறைக்கட்டும்.

மே 19, திங்கள்

பெரியவள் என் கிண்டிலை எடுத்துப் படித்திருக்கிறாள்.

"அம்மா, இந்தக் கதைல வர்ற அக்காவுக்கு ஒரு தடவைகூடக் கோபமே வரல. அவ என்ன சாமியா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய ரெக்கார்டு நோட்டில் அவன் தண்ணீர் ஊற்றியது, அவளுடைய ஆண்டு விழாவுக்கு எங்களில் ஒருவர்தான் போனது, எல்லாம் வந்தது. நான் குறுக்கே பேசவில்லை. கடைசியில் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே, "உங்களுக்கு அப்புறம் நான்தானே?" என்றாள்.

பதின்மூன்று வயசு.

"இல்லடி. அதுக்கு நாங்க ஏற்பாடு பண்ணுவோம்" என்றேன். என்ன ஏற்பாடு என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன். கேட்கவில்லை, இன்னொரு தோசை கேட்டாள்.

மே 20, செவ்வாய்

தூக்கமில்லை. ஏற்பாடு, ஏற்பாடு. ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு ஆனபிறகு கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை நியமிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் வரை. சரி, காகிதம் இருக்கிறது. காப்பாளர் என்ற இடத்தில் எழுத ஒரு பெயர் வேண்டுமே! அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே மனசு அந்தப் பெயரில்தான் போய் நிற்கிறது.

ஜப்பானில் கேய்கோ தோபே வரைந்த ஒரு காமிக்ஸ் தொடர் உண்டு, 'ஹிகாரு' என்ற ஆட்டிசப் பையனைப் பற்றி. ஆங்கிலத்தில் எட்டு பாகம். பிறந்ததிலிருந்து வருஷம் வருஷமாக வளர்கிறான். டீச்சர் மாறினால் என்ன ஆகும், பக்கத்து வீட்டில் என்ன பேச்சு, எல்லாம் உண்டு. அவன் பெரியவனாகி வேலைக்குப் போவதைப் பார்க்கலாம் என்று ஆசையாகப் படித்துக்கொண்டு போனால், 2010-இல் தோபே இறந்துவிட்டார். கதை பாதியில் நிற்கிறது. அப்புறம் என்ன என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

மே 23, வெள்ளி

பள்ளியிலிருந்து போன். "எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லைங்க மேடம், அவனுக்கே கஷ்டம்." 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறதே என்றேன். "கரெஸ்பாண்டெண்ட்கிட்ட பேசிட்டு சொல்றோம்." குரல் மட்டும் ரொம்ப மரியாதை.

மே 24, சனி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. மாம்பழம் சாப்பிட்டான். தோலோடு.

மே 27, செவ்வாய்

கிளாராவின் மகளுக்கு என்ன ஆயிற்று என்று தேடினேன். ஜெஸி பார்க். வளர்ந்து, வில்லியம்ஸ் கல்லூரியின் தபால் அறையில் வேலை பார்த்தாள். அப்பா பாடம் நடத்திய அதே கல்லூரி. ஓவியமும் வரைகிறாள், வீடுகள், பாலங்கள், எல்லாம் வானவில் நிறத்தில். எல்லாரும் ஓவியத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்குத் தபால் அறைதான் வேண்டும். காலையில் எழுந்து, கிளம்பி, கடிதங்களைப் பெயர் பார்த்துப் பெட்டி பெட்டியாகப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவது. அதை யாராவது நாவலாக எழுதினால் முதல் பிரதி எனக்கு.

இவரிடம் சொன்னேன். "நம்ம ஆளு ரயில்வேல அனவுன்ஸரா போவான்" என்றார். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். பெரியவள் எட்டிப் பார்த்து, "என்ன?" என்றாள். சொன்னதும் அவளே அறிவிப்பு செய்ய ஆரம்பித்துவிட்டாள். அவன் ஓடி வந்து வண்டி எண்ணைத் திருத்தினான்.

மே 30, வெள்ளி

இன்னொரு பள்ளியில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், திங்கட்கிழமை. எதிர்பார்க்க மாட்டேன். வெள்ளைச் சட்டையை மட்டும் பெட்டிக்குள் வைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 31, சனி

புது வீட்டுக்காரர் ஹாலை போட்டோ எடுத்து அனுப்பினார். சுவரில் ரெகுலேட்டர் வழவழவென்று சுற்றுகிற வகை, எண்ணே இல்லை. மூன்றுக்கு நான் எங்கே போவேன்? மார்க்கர் பேனாவால் எழுதிவிடலாம் என்கிறார் இவர். அவன் நம்ப மாட்டான், சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். பழைய மாடல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டும். லாரி காலை ஆறு மணிக்கு. இந்த வீட்டு ரெகுலேட்டரையே கழற்றி எடுத்துக்கொண்டு போனால் வீட்டுக்காரம்மா சும்மா விடுவாரா