லெந்து நாட்களின் இரண்டாவது கைப்பிடி

ஆண்டு முழுவதும் அம்மா உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் காணிக்கைக்கென்று போடுவார்கள். சாம்பல் புதன் அன்று அது இரண்டு கைப்பிடியாகும். எங்கள் வீட்டில், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து காலம் தொடங்குவது அந்த இரண்டாவது கைப்பிடியில்தான்.

1896-இல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபின்) திருமண்டலமாக, அதாவது ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதியாக, அமைந்து, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்த திருநெல்வேலிப் பகுதியின் கிராமச் சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி) எங்களுடையது. திருச்சபையின் பெயர் மாறினாலும், லெந்து நாட்களை அனுசரிக்கும் விதத்தில் பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் ஒழுங்கு இன்றும் எங்களிடம் நிலைத்திருக்கிறது. பீடத்தில் ஊதா நிறத் துணி விரிக்கப்படும், பூக்கள் வைப்பதில்லை, கல்யாணங்கள் ஈஸ்டருக்குப் பிறகுதான். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாட்கள். அவற்றில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் வருபவையே அந்த நாற்பது நாட்கள்.

வேலையின் நிமித்தம் நகரத்தில் தங்கியிருந்த ஆண்டுகளில், இந்த நாட்களைத் தனியாக அனுசரிக்க முயன்றிருக்கிறேன். இறைச்சியை விட்டேன், வெள்ளிக்கிழமைகளில் காலை உணவையும் விட்டேன். ஆயினும் மூன்றாவது வாரத்துக்குள் அது வெறும் உணவுக் கட்டுப்பாடாக வற்றிப்போனது. உபவாசம் அந்தரங்கமாக இருக்க வேண்டும் என்றுதானே ஆண்டவர் சொன்னார், பிறகு ஏன் இப்படி ஆனது என்று நெடுநாள் வருந்தினேன்.

அதற்கான விடையைப் பாட்டியின் ஜெபப் புத்தகத்தில் கண்டேன். 1662-ஆம் ஆண்டின் ஒழுங்கில், சாம்பல் புதனுக்கென்று இரண்டு பாடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன: உபவாசிக்கும்போது மனிதருக்குக் காணப்படாதபடி தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவச் சொல்லும் மத்தேயு 6-ஆம் அதிகாரம் ஒன்று, முதியோரையும் பால்குடிக் குழந்தைகளையும் கூட விட்டுவிடாமல் சபை முழுவதையும் கூட்டச் சொல்லும் யோவேல் 2-ஆம் அதிகாரம் மற்றொன்று. ஒன்று மறைந்திரு என்கிறது, மற்றது கூடி வா என்கிறது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆராதனையில் வாசிக்க வைத்தவர்கள் ஏதோ ஒன்றை ஆழமாக அறிந்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன். அந்த நாளுக்குரிய சுருக்க ஜெபத்தை லெந்தின் எல்லா நாட்களிலும் சொல்ல வேண்டும் என்ற கட்டளையும் அதே ஒழுங்கில் இருக்கிறது. ஆகவே ஒருவருடைய மனம் சோர்ந்திருக்கும் நாளிலும், அவருக்குப் பக்கத்தில் நிற்பவருடைய வாயில் அந்த ஜெபம் ஓய்வதில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு, வெள்ளிக்கிழமை மாலை ஆராதனைகளுக்குத் தவறாமல் போகிறேன். இரண்டாவது மணி அடிக்கும்போது, பெண்கள் தங்கள் வீட்டுக் கலயத்து அரிசியை முந்தானையில் மூடிக் கொண்டுவந்து, கோயில் வாசலில் வாய் திறந்து வைத்திருக்கும் சாக்கில் கொட்டுவார்கள். சாக்கின் அருகில் யாரும் நிற்பதில்லை, எவரும் எழுதி வைப்பதில்லை. பொன்னி அரிசியும், ரேஷன் கடைப் புழுங்கல் அரிசியும், யாரோ ஒருவர் வீட்டில் பொங்கலுக்கு வாங்கி மீந்த பச்சரிசியும் அதற்குள் ஒன்றாகிவிடுகின்றன. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது மறைந்துவிடுகிறது. எல்லோரும் போட்டார்கள் என்பது மட்டும் சாக்கு நிமிர்ந்து நிற்பதில் தெரிகிறது. மத்தேயுவும் யோவேலும் எனக்கு அந்தச் சாக்கின் முன்னேதான் புரிந்தார்கள்.

மற்ற மாதங்களின் அரிசி ஏலத்துக்குப் போகும். லெந்து அரிசி மட்டும், இயேசு சிலுவையில் மரித்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளிக்கென்று வைக்கப்படும். நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும், சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளின் ஆராதனை மூன்று மணிக்கு முடிந்ததும், சேகரத்துப் போதகரான ஐயர் முதல் கடைசிப் பிள்ளை வரை கோயில் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார, அந்த அரிசியில் காய்ச்சிய கஞ்சி தேங்காய்த் துவையலோடு வரும். பல வீட்டு அரிசி ஆகையால் அது ஒருபோதும் ஒரே சீராக வேகாது. பச்சரிசி குழைந்திருக்கும், புழுங்கல் அரிசி சற்று விறைப்பாகப் பல்லில் படும்.