ஆடிக்கு எடுத்து வைத்த விதை

முப்பத்து நான்கு ஆண்டு வங்கிப் பணியில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் என் இடுப்பில் ஒரு சாவி இருந்தது. பணப்பெட்டகத்தை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவிகள். இருவரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும், கதவு திறந்தால்தான் கவுண்டரில் பணம் வரும். பேருந்து தாமதமான நாட்களில் காசாளர் வாசலில் நின்று என் தலை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கெல்லாம் அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற நாளில் கையெழுத்திட்டுச் சாவியை ஒப்படைத்தேன், சால்வை போர்த்தினார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பின் ஆறு மாத காலம், காலை ஒன்பது மணியானால் என் கை தானாக இடுப்பைத் தடவிப் பார்த்தது.

செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். நடைப்பயிற்சிக்குப் புதிதாகக் காலணி வாங்கினேன். மகிழ்ச்சியாக முதுமை அடைவது எப்படி என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் படித்து, வெந்நீர் குடித்து, சர்க்கரையைக் குறைத்து, மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டேன். எதுவும் தவறில்லை, ஆனால் மறுநாள் காலை எழுந்திருப்பதற்கான காரணம் அவற்றில் எதிலும் இல்லை. அந்த நிலையில்தான் மாசி மாதம் ஒரு நாள், புளியம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது.

நான் போனபோது பெரியம்மா சாணியை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முறத்தில் பூசணி விதை, பீர்க்கன் விதை, சுரை விதை எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. உள்ளங்கையளவு சாணியைத் தட்டி, அதில் ஏழெட்டு விதைகளைப் பதித்து, மேலே கொஞ்சம் சாம்பலைத் தூவி, மாட்டுக்கொட்டகைச் சுவரில் அறைந்தார். காய்ந்து இறுகிய சாணிக்குள் இருக்கும் விதையைப் பூச்சி அண்டாது. ஆடி பிறந்ததும் உடைத்து எடுத்து ஊன்ற வேண்டியதுதான். சின்ன வயதில் நான் எத்தனையோ முறை பார்த்த காட்சி அது. ஆனால் அறுபது வயதில் வேலையில்லாமல் நின்றுகொண்டு பார்க்கும்போது வேறு மாதிரி தெரிந்தது.

"தனியா இருக்கறது சலிப்பா இல்லீங்களா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"சலிச்சுக்கறதுக்கு நேரமெங்க சாமி? ஆடு கத்துது பாரு, அந்தத் தழைய எடுத்துப் போட்டுட்டு வா."

தழையைப் போட்டுவிட்டு வந்து, கேட்கக்கூடாததைக் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஆடிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, இந்த வயதில் இவ்வளவு விதை எதற்கு என்று. அவர் ஏதாவது தத்துவம் சொல்வார், அதை ஊருக்குத் திரும்பியதும் நாலு பேரிடம் சொல்லலாம் என்று உள்ளூர எனக்கு ஓர் ஆசை இருந்தது. பெரியம்மா சொன்னது இதுதான்: "கீழத்தோட்டத்துக்காரி போன வருசம் பீர்க்கன் வெதை வாங்கீட்டுப் போனா. காச்சு முத்துனதுக்கப்பறம் ஒரு நெத்துக்கூடத் திருப்பிக் குடுக்குல. இந்த ஆடிக்கு மறுபடியும் வெதைக்கு வருவாளில்ல, அன்னைக்கு வெச்சுக்கறன்."

எண்பத்தெட்டு வயதில் ஒருவர் ஆடி மாதத்தை எதிர்பார்த்திருப்பதற்கு அந்த நெற்றுக் கணக்கு, விதைக்கென முற்றிக் காய்ந்த காயின் கணக்கு, போதுமானதாக இருந்தது. விதை வாங்கியவர் விளைந்தபின் விதையாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஊர் வழக்கம். அந்தக் கொடுக்கல் வாங்கலால் பெரியம்மாவின் வாசலுக்கு ஆண்டு முழுவதும் யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு நாள் கதவு திறக்காவிட்டால் அதைக் கவனிக்க ஆடும் ஆளும் இருக்கிறார்கள். நான் ஒப்படைத்துவிட்டு வந்த சாவி அவரிடம் வேறு வடிவத்தில் இருந்தது.

கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாளை இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். 1914-இல் பிறந்தவர். கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி விவசாயம் செய்தவர். நூறு வயதைக் கடந்தும் தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் அவருடைய உணவைப் பற்றித்தான் எழுதினார்கள். ராகிக் களியும் கீரையும் உண்டார் என்பது சரிதான். ஆனால் அதே களியை அதே ஊரில் எத்தனையோ பேர் உண்டிருப்பார்கள். நூறு வயதிலும் அவருக்காகக் காத்திருந்த வாழையும் வெண்டையும் அவரை வெளியே இழுத்துப் போட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2024 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு உண்டு. அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பக்கமும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புச் சிறுவர்கள் இன்னொரு பக்கமுமாக 724 பேரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே எண்பதில் நலமாக இருந்தார்கள் என்பது அதில் தெரிந்த விஷயம். கொலஸ்ட்ரால் அளவைவிட அதுவே நல்ல அறிகுறியாக இருந்ததாம். இதைப் படித்தபோது எனக்குச் சங்கப் புலவர் பிசிராந்தையார்தான் நினைவுக்கு வந்தார். இத்தனை வயதாகியும் உங்களுக்கு நரை இல்லையே என்று கேட்டவர்களுக்கு அவர் புறநானூற்றில் சொல்லும் பதிலில் காயகற்பம் எதுவும் இல்லை. மாட்சி மிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தான் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், முறை தவறாத வேந்தன், இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் ஊரில் வாழும் சான்றோர். காரணம் அத்தனையும் மனிதர்கள்.

ஆனால் வயதானவர்கள் எல்லோரும் ஞானிகள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கிணற்றில் பங்குள்ளவர்கள். ஆளுக்கு மூன்று நாள் முறைத்தண்ணீர். ஒரு கோடையில் அப்பாவின் முறை நாளில் சித்தப்பா மோட்டாரைப் போட்டுவிட்டார், அல்லது போட்டதாக அப்பா நம்பினார். அன்று நின்ற பேச்சு இருபத்தாறு ஆண்டுகள் நின்றே இருந்தது. பொங்கலுக்கு இரண்டு வீட்டுப் புகையும் ஒன்றாக மேலே போகும், கீழே யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். இதற்கிடையில் ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்குப் போய்விட, அந்தக் கிணறே வற்றி, உள்ளே வேலிக்காத்தான் முளைத்துவிட்டது. சண்டைக்குக் காரணமான தண்ணீர் போன பிறகும் சண்டை போகவில்லை.

அப்பா கடைசி வரை தான் செய்தது தவறு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. படுக்கையில் இருந்த ஆண்டில், சாயங்காலமானால் என்னைக் கூப்பிட்டு, "மேலத்தோட்டத்துல லைட்டு எரியுதான்னு பாத்துட்டு வா" என்பார். எரிகிறது என்று சொன்னால் திரும்பிப் படுத்துக்கொள்வார். போய்க் கூட்டி வரட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் வேண்டாம் என்றார். மூன்றாவது முறை கேட்காமலே போய் அழைத்து வந்திருக்க வேண்டும். என் மூத்தவர்கள் எனக்குக் கற்றுத் தந்தவற்றில் அதிக விலை கொடுத்துக் கற்றது இதைத்தான். சித்தப்பா சாவுக்குத்தான் வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றார்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார், எண்பத்து நான்கு வயது. மனைவி இறந்தபின் எழுபத்தாறு வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டவர். ஓரளவு நன்றாகவே வைப்பார், உப்பு மட்டும் கூடுதல். அவரிடம் தொலைபேசி எண்கள் எழுதிய பழைய டைரி ஒன்று உண்டு. அதில் பாதிப் பெயர்கள் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருக்கும். ஒரு பெயரை அடித்தால், தன்னைவிட இளையவர் ஒருவரின் பெயரைப் புதிதாக எழுதிக்கொள்வதை வழக்கமாக வைத்திருக்கிறார். கிளை நூலகத்தில் தினமும் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பழக்கத்தில் என் பெயரும் அதில் ஏறியது. மற்றவர்கள் மையில் இருக்க, நான் மட்டும் பென்சிலில் இருந்தேன். ஏன் சார் என்று கேட்டேன். "நீங்க இன்னும் ரெகுலரா வரலியே" என்றார்.

அன்றிலிருந்து ஒன்பதரை மணிக்கு நூலகத்தில் இருக்கிறேன். தாமதமானால் அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறார்.

பெரியம்மா அன்றைக்குப் பீர்க்கன் விதை பத்து கொடுத்து அனுப்பினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் சாணிக்கு எங்கே போவது? பால்காரரிடம் சொல்லி ஒரு பையில் வாங்கி வந்து, பால்கனிச் சுவரில் அறைந்து வைத்தேன். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. நேற்று பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. விதை பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றேன். காய்த்ததும் எத்தனை நெற்று திருப்பித் தருவேன் என்று கேட்டார். இரண்டு என்றேன். மூன்று என்று சொல்லி வைத்துவிட்டார்.