எதைச் சூடாக்குவது?

பெரிய கிடங்கு ஒன்றுக்கு வெப்பமூட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கோப்பில் ஏற்கெனவே மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. ஒன்று கூரையிலிருந்து தொங்கும் வெப்பக்காற்று ஹீட்டர்களைப் பரிந்துரைத்தது. இன்னொன்று எரிவாயுவில் இயங்கும் கதிர்வீச்சுக் குழாய்களை. மூன்றாவது, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் உள்ளே இறைக்கும் ஹீட் பம்பை. மூன்றிலும் குறிப்பிட்டிருந்த திறன் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒன்று மற்றொன்றைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. கட்டடத்தின் நீள, அகல, உயரத்தை மூவரும் கேட்டு வாங்கியிருந்தார்கள். உள்ளே என்ன சரக்கு இருக்கிறது, அது எத்தனை டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, ஆட்கள் எங்கே நின்று வேலை செய்கிறார்கள், கதவுகள் எவ்வளவு நேரம் திறந்து கிடக்கின்றன என்பவற்றை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. விற்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு அனுப்பப்பட்ட விசாரணைக் கடிதத்தில் 'கிடங்கு முழுவதும் 18 டிகிரி' என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அந்த 18 எங்கிருந்து வந்தது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆகவே, ஹீட்டர்களைப் பற்றிய பேச்சைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, வெப்பம் யாருக்கு, எதற்கு வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினேன். சரக்கில் பெரும்பகுதி இயந்திர உதிரிபாகங்களும் அட்டைப்பெட்டிகளும்தான். அவற்றுக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல, ஈரம்தான் எதிரி. நீர் கலந்த பெயின்ட்டும் பசை வகைகளும் மட்டும் உறைநிலையைத் தொட்டால் திரிந்து பாழாகிவிடும். அடுத்தது, தீயணைப்புக்கான ஸ்பிரிங்க்ளர் குழாய்கள். அவற்றில் எப்போதும் நீர் நிரம்பியிருக்கும் என்பதால், குழாய் செல்லும் இடம் எதுவும் 4 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது ஸ்பிரிங்க்ளர்களுக்கான அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ 13. மூன்றாவதாகத்தான் மனிதர்கள். சரக்கு எடுப்பவர் நாள் முழுவதும் நடந்துகொண்டே இருப்பதால் 12 டிகிரியே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம். பேக்கிங் மேசையில் நின்ற இடத்திலேயே நிற்பவருக்கு அதே 12 டிகிரியில் விரல் மடங்காது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரோ உட்கார்ந்தபடியே காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறவர். இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, கிடங்கு முழுவதற்கும் 18 டிகிரி என்பது அங்கே இருந்த எவருடைய தேவையும் அல்ல என்பது தெளிவாயிற்று.

பிறகு கணக்கு. கட்டடம் 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். அதாவது 50,000 கன மீட்டர் காற்று. அந்தக் காற்றின் எடை ஏறத்தாழ 60 டன் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சுவர் 3,000 சதுர மீட்டர், கூரை 5,000 சதுர மீட்டர். இரண்டிலும் ஓரளவு நல்ல வெப்பக்காப்பு இருந்ததால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுவரில் சதுர மீட்டருக்கு அரை வாட், கூரையில் அதைவிடச் சற்றுக் குறைவு என்ற கணக்கில், உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும் நாளில் இவற்றின் வழியே வெளியேறும் வெப்பம் 65 கிலோவாட் அளவில்தான் வந்தது. வெப்பக்காப்பே இல்லாத வெறும் தகடாக இருந்திருந்தால் கூரை மட்டுமே 600 கிலோவாட்டை விழுங்கியிருக்கும். அப்படிப்பட்ட கட்டடத்தில் ஹீட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கூரையைப் பற்றிப் பேசுவதே முறை. எங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மணிக்கு ஒரு முறை முழுக் காற்றும் மாறினால் அதைச் சூடாக்க மட்டும் 330 கிலோவாட் வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை மாறினாலும் 165. சுவரும் கூரையும் சேர்ந்து இழப்பதைப் போல இரண்டரை மடங்கு, ஐந்து மடங்கு வெப்பம் காற்றோடு போகிறது. மூன்று விலைப்புள்ளிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததன் மர்மமும் இதில்தான் இருந்தது: காற்று எத்தனை முறை மாறும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் ஊகப்படி வைத்திருந்தார்கள்.

காற்று எங்கே போகிறது என்பதை அறியப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. திறந்திருந்த சரக்குக் கதவு ஒன்றின் பக்கச் சட்டத்தில், தரையருகே ஒன்று, இடுப்பளவில் ஒன்று, மேல்விளிம்பில் ஒன்று என மெல்லிய பிளாஸ்டிக் நாடாக்களை ஒட்டிவிட்டுப் பார்த்தேன். கீழே இருந்த நாடா உள்நோக்கியும், மேலே இருந்தது வெளிநோக்கியும் விடாமல் படபடத்தன; நடுவில் இருந்தது எப்பக்கமும் சாயாமல் தொங்கியது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து உள்ளே வருகிறது. அது தள்ளிய வெப்பக்காற்று மேல்பாதி வழியே வெளியேறுகிறது. 3 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கதவு, வெளியே காற்றே வீசாத நாளிலும், 20 டிகிரி வித்தியாசத்தில் ஏறத்தாழ 60 கிலோவாட்டை வெளியேற்றுகிறது என்று கணக்கு சொன்னது. திறந்து கிடக்கும் ஒரே ஒரு கதவு, மொத்தச் சுவருக்கும் கூரைக்கும் சமம்.

கதவுகளை ஏன் மூடுவதில்லை என்று சரக்கு அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "வண்டி போனதும் கதவை மூடினா, அடுத்த வண்டிக்குத் திறக்க ஒரு ஆள் நிக்கணும் சார். அந்த ஆள் எங்ககிட்ட இல்ல" என்றார். இதில் அலட்சியம் எதுவும் இல்லை. சங்கிலியை இழுத்துத் திறக்கும் கனமான கதவுகள் அவை. ஆகவே எங்கள் திட்டத்தில் முதல் செலவு ஹீட்டருக்கு அல்லாமல், பொத்தானை அழுத்தினால் விரைவாக ஏறி இறங்கும் கதவுகளுக்கும், வண்டியின் பின்புறத்துக்கும் கட்டடத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கும் மெத்தை உறைகளுக்கும் போயிற்று. கதவு திறந்திருக்கும்போது அருகிலுள்ள ஹீட்டர் தானாக நின்றுவிடும்படி இணைப்பும் கொடுக்கச் சொன்னோம். வாயிலின் குறுக்கே காற்றை வீசித் தடுப்பு போடும் காற்றுத்திரைகளையும் பரிசீலித்தோம், ஆட்கள் நடமாடும் சிறிய வாயிலுக்கு அவை பொருந்தின. வண்டி ஒட்டி நிற்கும் கதவுக்கு உறையே போதும் என்பது என் முடிவு.

உயரத்தைப் பற்றிய சந்தேகமும் எனக்கு இருந்தது. ஒரு ரேக் தூணில் தரையிலிருந்து உச்சிவரை வெப்பநிலைப் பதிவுக் கருவிகளை ஒட்டிவைத்து, தற்காலிகமாக வாடகைக்கு எடுத்திருந்த வெப்பக்காற்று ஹீட்டர்களை ஓடவிட்டோம். கணுக்காலருகே 11 டிகிரி இருந்த நேரத்தில் கடைசி அடுக்குக்கு மேலே 19 காட்டியது. சூடான காற்றை ஊதும் எந்த அமைப்பிலும் மீட்டருக்கு அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை இப்படி ஏறுவது இயல்புதான். 18 டிகிரி வேண்டும் என்று தெர்மோஸ்டாட்டைத் திருப்பிக்கொண்டே போனால், முதலில் சூடாவது கூரை. அதன்பின் கூரைக்கு அடியிலுள்ள பெட்டிகள். ஆள் நிற்கும் இடத்துக்கு வெப்பம் வந்து சேர்வது கடைசியில். மேலே தேங்கும் காற்றை மெதுவாகக் கீழே தள்ளும் பெரிய விசிறிகள் இதற்கு மலிவான மருந்து. மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்றில்கூட அவை இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் அமைப்புகளை ஒப்பிட உட்கார்ந்தோம். முதலில் விலக்கியது, புகைபோக்கி இல்லாமல் எரியும் ஹீட்டர்களை. எரிந்த வாயு அனைத்தும் உள்ளேயே கலப்பதால் அவற்றின் செயல்திறன் காகிதத்தில் நூற்றுக்கு நூறு என்று கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ நீர் ஆவியாக வெளிவரும். 200 கிலோவாட் ஹீட்டரைப் பத்து மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ 300 லிட்டர் தண்ணீரை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஆவியாகத் தெளித்ததற்குச் சமம். இரவில் உலோக உதிரிபாகங்கள் குளிர்ந்ததும் அது எங்கே போய்ப் படியும் என்பதைக் கிடங்கில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தரைக்கு அடியில் குழாய் பதித்து வெதுவெதுப்பான நீரை ஓடவிடும் முறை, நான் மனதார விரும்பிய ஒன்று. காற்றை ஒரு டிகிரி சூடாக்க 17 கிலோவாட்-மணி போதும். 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கான்கிரீட் தளத்துக்கோ 440 வேண்டும். அதாவது, கதவு திறந்ததும் காற்று ஓடிப்போனாலும் தளம் தன் இருப்பைக் கைவிடாது. கதவை மூடிய சற்று நேரத்தில் நிலைமை மீண்டுவிடும். நீர் 35 முதல் 45 டிகிரி வரை இருந்தாலே போதும் என்பதால் ஹீட் பம்புக்கும் அது மிகவும் ஒத்துப்போகும். ஆனால் எங்கள் தளம் எப்போதோ ஊற்றி முடிக்கப்பட்டிருந்தது. அதில் ரேக்குகளின் அடிப்போல்ட்டுகளும் இறங்கியிருந்தன. அந்த விருப்பத்தை அத்துடன் மூடிவைக்க வேண்டியதாயிற்று. தளம் இல்லாமல், ஹீட் பம்பைச் சூடான காற்றுக்கு மட்டும் பயன்படுத்தினால், வெளியே குளிர் கடுமையாகும் நாளில், அதாவது வெப்பம் அதிகம் தேவைப்படும் அதே நாளில், அதன் செயல்திறன் சரிகிறது. கட்டடத்துக்கு வந்துகொண்டிருந்த மின் இணைப்பின் அளவும் அதற்குப் போதவில்லை.

எஞ்சியவை கதிர்வீச்சுக் குழாயும் வெப்பக்காற்றும். எரிவாயுச் சுடர் குழாயின் உள்ளே ஓட, 400 டிகிரிக்கு மேல் சூடேறும் அதன் வெளிப்பரப்பு, இடையிலுள்ள காற்றை அதிகம் பொருட்படுத்தாமல் கீழே நிற்பவரையும் தரையையும் நேராகச் சூடாக்குகிறது. வெயிலில் நிற்பதற்கும் நிழலில் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றதுதான் இது. காற்று இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தாலும் உடல் குளிரை உணர்வதில்லை. சூடான காற்று கதவு வழியே போனாலும் இழப்பு குறைவு. ஆனால் அதற்குப் பார்வைக்கோடு வேண்டும். கூரையை நெருங்கும் உயரத்துக்கு ரேக் நிற்கும் பகுதியில் குழாய்கள் மேலடுக்குப் பெட்டிகளைத்தான் சூடாக்கும். போதிய இடைவெளி இல்லாவிட்டால் அது வீண்செலவோடு நிற்காமல் தீ அபாயமாகவும் மாறும். ஈய அமில பேட்டரிகளை சார்ஜ் செய்யும் மூலையையும் மறக்கவில்லை: அங்கே வெளிவரும் ஹைட்ரஜன் மேலே போய்த் தங்கும், சுடரும் மேலேதான் தொங்கும். அந்த இடத்தைத் தடுப்புச்சுவர் கட்டித் தனி அறையாக்கி, தனிக் காற்றோட்டமும் கொடுக்கச் செய்தோம்.

ஆகவே ஒரே அமைப்பு என்ற எண்ணமே கைவிடப்பட்டது. ரேக் நிற்கும் பெரும் பகுதியை 12 டிகிரியில் வைத்திருக்கப் புகைபோக்கியுள்ள சில வெப்பக்காற்று ஹீட்டர்களும் கூரை விசிறிகளும். சரக்கு ஏற்றி இறக்கும் திறந்த பகுதிக்கும் பேக்கிங் மேசைகளுக்கும் மேலே கதிர்வீச்சுக் குழாய்கள். பெயின்ட்டுக்கும் பசைக்கும் வெப்பக்காப்புள்ள ஒரு சிறிய அறை. ஒரே இயந்திரம், ஒரே சப்ளையர், ஒரே பராமரிப்பு ஒப்பந்தம் என்று இருந்தால் எளிது என்ற கணக்குப் பிரிவின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மொத்தத் திறன் முதல் விலைப்புள்ளியில் பாதிக்கும் கீழே வந்ததைப் பார்த்த பிறகு அந்த வாதம் வலுவிழந்தது.

பொருத்தும் கட்டத்தில் பேசப்பட வேண்டியவை இரண்டு. வெப்பக்காற்று வீசும் பாதையில் இருந்த ஸ்பிரிங்க்ளர் தலைகள் 68 டிகிரியில் உடைந்து திறப்பவை. ஹீட்டரின் வாயருகே அவற்றை அப்படியே விட்டால், தீயே இல்லாமல் ஒருநாள் சரக்கு நனையும். அந்த இடங்களில் உயர்ந்த வெப்பநிலைக்கு உரிய தலைகளை மாற்றினோம். மற்றொன்று, குழாய்களின் கீழே சாதாரண தெர்மோஸ்டாட் பொய் சொல்லும் என்பது. அது காற்றை மட்டுமே அளக்கிறது. கதிர்வீச்சால் ஆள் உணரும் வெப்பத்தை அது அறியாது. கறுப்புக் கோளத்துக்குள் உணரி வைத்த கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தலையுயரத்தில் மாட்டியதும் குழாய்கள் தேவைக்கு மேல் ஓடுவது நின்றது. அதன்பின் வந்த புகார் ஒன்றே ஒன்றுதான்: பேக்கிங் மேசையில் தலை சுடுகிறது, கால் குளிர்கிறது. மேசையின் நிழல் காலடியில் விழுவதால் அங்கே கதிர்வீச்சு எட்டவில்லை. தடித்த ரப்பர் விரிப்புகளைப் போட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது.

இப்போது பக்கத்தில் விரிவாக்கக் கட்டடம் ஒன்று திட்டத்தில் இருக்கிறது. அதன் தளம் இன்னும் ஊற்றப்படவில்லை. குழாய் பதிப்பதானால் ரேக்குகளின் கால்கள் எங்கே நிற்கும், போல்ட்டுகள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது கான்கிரீட்டுக்கு முன்பே முடிவாக வேண்டும். ரேக் வரைபடத்தைக் கேட்டுக் கிடங்கு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். வாகனப் பாதையின் அகலத்தை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.