பாலாற்று போர்வெல் தண்ணீரும் பூர்பே படமும்

ஒரே கடையில் வாங்கிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் ஒரு வீட்டில் வருஷக்கணக்கில் தாங்கும், நாலு வீடு தள்ளி சீக்கிரமே பொத்துப்போகும். "தண்ணி சரியில்ல சார்" என்று பிளம்பர் ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தத் தண்ணீரில் எது சரியில்லை என்று பார்க்க ஒரு படம் இருக்கிறது. கிடைமட்டத்தில் பிஎச் (அமிலமா காரமா என்ற அளவு), செங்குத்தில் தண்ணீரில் கிடக்கும் உலோகத்தின் மின்னழுத்தம். பெல்ஜியத்து மார்செல் பூர்பே 1945இல் டெல்ஃப்ட்டில் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வு இதைப் பற்றியதுதான். படத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இரும்பின் படத்தில் மூன்று நிலங்கள். கீழே இரும்பு இரும்பாகவே இருக்கும், அரிப்பே கிடையாது. இடப்பக்கம் இரும்பு அயனியாகக் கரையும். வலப்பக்கம் ஆக்ஸைடு படலம் மூடி உலோகத்தைக் காக்கும். குறுக்கே இரண்டு சாய்கோடுகள் ஓடும். ஒன்று ஹைட்ரஜனுடையது (இதற்குக் கீழே போனால் தண்ணீரே ஹைட்ரஜனை விட்டு உலோகத்தைக் கரைக்க முடியும்): மைனஸ் 0.059 × பிஎச். மற்றொன்று ஆக்ஸிஜனுடையது: 1.229 மைனஸ் 0.059 × பிஎச். செம்பு கரையும் கோடு ஹைட்ரஜன் கோட்டுக்கு மேலே நிற்கிறது, அதனால் காற்று கலக்காத தண்ணீரில் செம்பு பேசாமல் கிடக்கும். இரும்புக் கோடு அதற்குக் கீழே, மைனஸ் 0.617 வோல்ட்டில். காற்றே இல்லாவிட்டாலும் இரும்பு கரையும். படம் இதை ஒரு பார்வையில் காட்டிவிடும்.

அந்த 0.617 எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் படத்தைப் பயன்படுத்தக் கூடாது. லிட்டருக்கு ஒரு மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.056 மில்லிகிராம் இரும்பு கரைந்தால் அதை 'அரிப்பு' என்று வைத்துக்கொள்வோம் என்பது ஓர் ஒப்பந்தம். அதோடு 25 டிகிரி வெப்பம், வேறெதுவும் கலக்காத சுத்தத் தண்ணீர். நம்ம ஊரில் இந்த இரண்டும் கிடைக்காது.

இனி அளவு. பிஎச் மீட்டரை 4, 7, 10 என்று பிஎச் தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்த்துவிட்டு, மோட்டார் ஓடும்போதே குழாயடியில் அளந்துவிட வேண்டும். பாட்டிலில் பிடித்து சாயங்காலம் அளந்தால் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறியிருக்கும். படத்தில் புள்ளி வலப்பக்கம் நகர்ந்து, எல்லாம் நல்லபடியாக இருப்பதாகத் தோன்றும்.

மின்னழுத்தத்துக்கு ஒரு ஒப்பீட்டு மின்முனை வேண்டும், அதாவது தன் மின்னழுத்தம் மாறாமல் நிற்கும் ஒன்று. செம்பு–மயில்துத்த மின்முனையைக் கையாலேயே செய்யலாம். 20 மி.மீ. பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு, அடியில் மென்மரத்தில் செதுக்கிய அடைப்பு, மேல் மூடி வழியாக இறங்கும் கெட்டியான செப்புக் கம்பி. கம்பியை எமரி தாளால் பளபளக்கத் தேய்த்துவிடுங்கள். மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, அடியில் கொஞ்சம் படிகம் கரையாமல் கிடக்கும்வரை போட வேண்டும். போர் தண்ணீரில் கரைத்தால் அதிலுள்ள குளோரைடு மின்முனையையே கெடுத்துவிடும். மர அடைப்பு ராத்திரி முழுக்க ஊறட்டும். இரண்டாகச் செய்து ஒன்றுக்கொன்று அளந்து பாருங்கள். 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கம்பியைத் திரும்பத் தேய்த்து, கரைசலை மாற்றுங்கள்.

மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் இருக்க வேண்டும், பழைய முள் மீட்டர் உதவாது. சிவப்பு முனை உலோகத்தில், கறுப்பு மின்முனையில். மின்முனை இரும்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், தொடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் செம்பு படிந்து பொட்டு வைத்தது மாதிரி சிவக்கும். அதற்கப்புறம் வரும் அளவு எதற்கும் ஆகாது. படிக்கும் எண்ணோடு 0.316 கூட்டினால் படத்தின் அளவுக்கு வரும். இந்த மின்முனை ஒரு டிகிரிக்கு 0.9 மில்லிவோல்ட் நகரும். வேலூர் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்றால் 13 மில்லிவோல்ட் பிசகு, பொறுத்துக்கொள்ளலாம். நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

ஒரு கணக்கு. தண்ணீர்த் தொட்டிக்குள் சாதா இரும்புத் தகடு, பிஎச் 7.2, மீட்டர் மைனஸ் 0.70. கூட்டினால் மைனஸ் 0.384. இரும்புக் கோடு மைனஸ் 0.617. ஃபெரிக் ஆக்ஸைடு கோடு 1.083 மைனஸ் 0.177 × பிஎச், 7.2க்கு ஏறக்குறைய மைனஸ் 0.19. இரண்டுக்கும் நடுவே நம்ம புள்ளி. கரையும் நிலத்தில் நட்ட நடுவில். மின்னழுத்தம் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், பிஎச் 8ஐத் தாண்டியதும் புள்ளி மேக்னடைட் என்ற இரும்பு ஆக்ஸைடு படலத்துக்குள் போய்விடும். காகிதத்தில்.

தகடு ஜி.ஐ. என்றால் முதலில் வேறொன்றைப் பார்க்க வேண்டும். துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை மீட்டர் மைனஸ் 1.0 பக்கம் காட்டும். அது துத்தநாகத்தின் எண், அதை இரும்புப் படத்தில் குறிக்கக் கூடாது. மாதாமாதம் அளக்கையில் மைனஸ் 1.0இலிருந்து மைனஸ் 0.7க்கு ஏறிவிட்டதென்றால் பூச்சு தீர்ந்துவிட்டது. குழாயை வெட்டிப் பார்க்காமலே தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

இன்னொரு பக்கம், இரும்பின் மின்னழுத்தத்தை இறக்கி, படத்தின் கீழ் நிலத்துக்குத் தள்ளுவதுதான் கத்தோடு பாதுகாப்பு. புதைத்த குழாய்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் மைனஸ் 0.85 வோல்ட் இந்தச் செம்பு மின்முனையில் அளந்தது. கூட்டினால் மைனஸ் 0.534தான், படத்தின் 0.617க்கு மேலேயே நின்றுவிடுகிறது. படம் தப்பா, நடைமுறை தப்பா என்று சண்டை போட வேண்டாம். கரைந்த இரும்பு ஆயிரத்தில் ஒரு மோல் என்று எடுத்தால் கோடு மைனஸ் 0.53க்கு ஏறிவிடும். உலோகத்தை ஒட்டிய தண்ணீரில் இரும்பு அதிகம் கரைந்திருக்கும், அது தொட்டித் தண்ணீர் மாதிரி இல்லை.

படத்தை எங்கே நம்பக் கூடாது என்பதில்தான் வட ஆற்காட்டு விஷயம் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் உப்பு நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. குளோரைடு இரும்புப் படத்தில் எங்கேயும் இல்லை. பிஎச் 8.5இல் படலம் உண்டு என்று படம் சொல்லும். குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தினாற்போல் ஓரிடத்தில் உடைக்கும். மீதி முழுதும் பளிச்சென்று இருக்க, ஒரு புள்ளியில் மட்டும் குழி ஆழமாகும். முழுக்கத் துருப்பிடிப்பதைவிட இது மோசம். கான்கிரீட்டுக்குள் பிஎச் 12.5இல் பத்திரமாக இருக்கும் கம்பியையும் இதே குளோரைடுதான் கெடுக்கிறது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் அனுமதிக்கிறது. வேறு வழியில்லாதபோது குடிநீருக்கு ஐ.எஸ். 10500 விடும் வரம்பு 1000. குடிக்க விட்ட தண்ணீர் கூரை போட ஆகாமல் போகலாம்.

துத்தநாகத்தில் படம் எதிர்ப்பக்கம் பிசகும். சுத்தத் தண்ணீர்ப் படத்தில் அதற்குப் படலம் சுமார் 8.5 முதல் 10.5 வரைதான். நம்ம கடின நீரில் பிஎச் 7.5இலும் ஜி.ஐ. தாங்குகிறதே என்றால், பைகார்பனேட் துத்தநாகக் கார்பனேட்டாகப் படிந்து மூடுவதால்தான். அதே வீட்டில் ஆர்.ஓ. மெஷினுக்குப் பின்னால் ஜி.ஐ. நிப்பிள் போட்டால் சீக்கிரம் போய்விடும். கடினம் போய்விட்டது, பிஎச்சும் 6 பக்கம் இறங்கியிருக்கும். அங்கே பிளாஸ்டிக்கே போடுங்கள்.

தோல் தொழிற்சாலைக்குள் இன்னும் இரண்டு. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் டிரம்மில் பிஎச் 12, படத்தின்படி இரும்பு பத்திரம். ஆனால் அதில் சோடியம் சல்ஃபைடு இருக்கிறது. இரும்பு–தண்ணீர் படத்தை மடித்து வைத்துவிட்டு கந்தகமும் சேர்ந்த படத்தை எடுக்க வேண்டும். சுண்ணாம்பு நீக்கும் கட்டத்தில் அம்மோனியம் உப்பு, பிஎச் 8 சொச்சம். செம்புப் படம் அங்கே ஆக்ஸைடு என்று ஆறுதல் சொல்லும். அம்மோனியாவோ செம்பைக் கரும்நீலமாகக் கரைத்துவிடும், இறுக்கி முடுக்கிய பித்தளை வால்வில் விரிசல் விடும். அந்த லைனில் பித்தளை வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு வேகம் என்பதைப் படம் சொல்லாது. அதற்குத் துண்டுத் தகடு. 50 × 25 × 2 மி.மீ. இரும்பைத் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, மில்லிகிராம் சுத்தமாக எடை போட்டு 30 நாள் தொட்டியில் தொங்கவிடுங்கள். பரப்பு 28 சதுர செ.மீ. 300 மில்லிகிராம் குறைந்தால், 87.6 × 300 வகுத்தல் (7.85 × 28 × 720 மணி), வருஷத்துக்கு 0.17 மி.மீ. (87.6 அலகு மாற்றும் எண், 7.85 இரும்பின் அடர்த்தி.) துருவைக் கழுவ, இரும்பைத் தின்னாதபடி தடுப்பான் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதே அமிலத்தில் புதுத் தகடு ஒன்றையும் அதே நேரம் முக்கி, அதன் எடை இழப்பைக் கழித்துவிட வேண்டும். தொங்கவிட நைலான் நூல். கைக்குக் கிடைத்தது என்று செப்புக் கம்பியில் கட்டினால், தண்ணீர் எவ்வளவு அரிக்கிறது என்பதற்குப் பதிலாக உங்கள் கம்பி எவ்வளவு அரிக்கிறது என்று அளந்துகொண்டிருப்பீர்கள்.