அன்றாடங்காய்ச்சிக் காடு

"அங்க போயும் தண்ணிதான் புடிக்கிறியாடி?" என்று அம்மா ஒருமுறை போனில் கேட்டாள். என் வேலையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கரையோரம் ராட்சதக் கெல்ப் காடுகள் இருக்கின்றன. படகில் போய் மேலே, நடுவில், அடியில் என்று தண்ணீர் பிடிக்க வேண்டும். வடிகட்டி ஐஸ் பெட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்து, நைட்ரஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆறு வருடம் இதுதான் பிழைப்பு.

கெல்ப் என்பது பெரிய பழுப்புக் கடற்பாசி. நல்ல காலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் வரை நீளும். அடியில் வேர் மாதிரி ஒன்று இருக்கும். அது பாறையைப் பிடித்துக்கொள்ள மட்டுந்தான். சத்து முழுவதையும் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே உறிஞ்சியாக வேண்டும். அங்கே பெரும்பாலும் தட்டுப்பாடு நைட்ரஜனுக்குத்தான்.

சேர்ந்த வாரமே ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தார்கள்: தெர்மாமீட்டரைப் பார், நைட்ரேட் (கடல்நீரில் கரைந்திருக்கும் ஒரு வகை நைட்ரஜன் சத்து) தெரிந்துவிடும். வசந்தத்தில் வடமேற்குக் காற்று மேல் தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ளும். அந்த இடத்துக்கு அடியாழத்துக் குளிர்ந்த நீர் ஏறி வரும், நைட்ரேட்டைச் சுமந்துகொண்டு. 11 டிகிரியில் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோமோலைத் தாண்டும். 16 டிகிரிக்கு மேலே போனால் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. கெல்ப் வளர்ச்சி குன்றாமலிருக்க 1 மைக்ரோமோலாவது வேண்டும் என்பது கணக்கு. 1982–83 எல் நினோவில் தண்ணீர் சூடேறி, கூடவே பேரலைகளும் அடித்து, தெற்குக் கலிபோர்னியாவில் காடு காடாக அழிந்தது இந்தச் சூத்திரத்துக்குப் பெரிய சாட்சி.

சூத்திரம் சரிதான். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் வாரக்கணக்கில் என் பாட்டில்கள் நைட்ரேட்டே இல்லாமல் வரும். பக்கத்திலேயே கெல்ப் புது இலை விட்டுக்கொண்டிருக்கும். வேகம் குறைந்திருக்கும், நின்றிருக்காது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு கெல்ப் உண்டு. குளிர்காலத்தில் நைட்ரேட்டைக் குதிரில் நெல் கொட்டுவதுபோல் உடம்பில் சேர்த்துவைத்து, கடலில் சத்து வற்றிய பிறகும் மாதக்கணக்கில் அதைத் தின்று வளரும். எங்கள் ராட்சதக் கெல்ப்புக்குக் குதிர் கிடையாது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கையிருப்பு தாங்காது. சுத்தமான அன்றாடங்காய்ச்சி. அப்படியானால் யாரோ தினமும் படியளக்க வேண்டுமே?

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, ஆறு அடித்துக்கொண்டு வரும் உரம். அங்கே ஓடைகள் குளிர்கால மழைக்குத்தான் ஓடும். வரும் நன்னீரும் மேலாக மிதந்து சில நாளில் கலைந்துவிடும். மொத்தக் கணக்கில் அது சின்னப் பங்கு, அதுவும் பசியில்லாத பருவத்தில். அதைவிட முக்கியம் கண்ணுக்குத் தெரியாத அலைகள். மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர் என்று கடல் இரண்டு அடுக்காக நிற்கும்போது, அந்த எல்லையிலேயே அலை ஓடும். அது வந்தால் சில மணி நேரம் காட்டின் கீழ்ப்பாதியில் குளிர்நீர் நிற்கும். கீழ் இலைகள் பிடித்துக்கொண்டதைத் தண்டு மேலே கடத்திவிடும். நான் காலை ஒன்பது மணிக்குப் பாட்டிலோடு போகும்போது அலை வந்துபோன சுவடுகூட இருக்காது.

மூன்றாவது வழியில்தான் நான் சறுக்கினேன். மீன், சிப்பி, நண்டு, இலைமேல் வெள்ளை வலைபோல் படர்ந்திருக்கும் பாசிப் பிராணிகள் எல்லாம் அம்மோனியத்தைக் கழிக்கின்றன. அதுவும் நைட்ரஜன் சத்துதான். பாறை இடுக்கு மண்டியிலிருந்தும் அது கசிகிறது. அம்மோனியத்தை அளப்பது தலைவலி. அன்றைக்கே செய்தாக வேண்டும். காற்றிலுள்ள அம்மோனியாவும் பாட்டிலுக்குள் புகுந்துவிடும். என் முதல் கோடையில் யாரோ அம்மோனியா கலந்த திரவத்தில் தரை துடைத்துவிட, அந்த வார எண்கள் எல்லாம் எகிறின. சூடுகண்ட பூனையாகிவிட்டேன். அதன்பின் அடிநீரில் எந்த எண் கொஞ்சம் கூடினாலும் பக்கத்தில் 'சந்தேகம்' என்று குறித்துத் தள்ளிவிடுவேன். சந்தேகம் குறித்த வரிசை ஆய்வுக்குப் போகாது. நானே என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, கூட வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் என் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஒரே இடத்தில் பிடித்த இரண்டு பாட்டிலும் ஒரே எண் சொல்கிறது. சத்தே இல்லாத வெறும் தண்ணீரை வைத்துச் செய்த சோதனையும் சுத்தம். அழுக்கு இவ்வளவு ஒழுங்காகவா விழும்?" பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒழுங்காக, அடியில் மட்டும், கோடையில் மட்டும்.

அப்புறம் அவரே இன்னொன்றும் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை உறைக்கிறது. நான் தள்ளிய எண்களும் சின்னவைதான், பெரும்பாலும் 1 மைக்ரோமோலுக்குள். அது சமைத்த அளவல்ல, பாத்திரத்தில் மிஞ்சியது. அம்மோனியம் வெளியான கையோடு கெல்ப் குடித்துவிடுகிறது; யூரியாவையும் அது விடுவதில்லை. ராத்திரி அன்றாடங்காய்ச்சி வீட்டுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தச் செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம் முக்குளிக்கப் போனேன். அங்கே பிளாக்ஸ்மித் என்று கருநீல மீன் உண்டு. பகலெல்லாம் காட்டுக்கு வெளியே திறந்த நீரில் மிதவை உயிர்களைத் தின்னும். இருட்டும் நேரத்தில் கூட்டமாகத் திரும்பிப் பாறை இடுக்குகளில் ஒடுங்கி, தின்றதை அங்கேயே கழிக்கும். வெளிக்கடலின் நைட்ரஜனை வயிற்றில் சுமந்து வந்து காட்டுக்குள் இறக்குகிறது. எத்தனையோ தடவை பார்த்த மீன். அன்றைக்குத்தான் அதை ஒரு வரவாகப் பார்த்தேன்.

மறுநாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இரட்டைப் பாட்டில் இருந்த நாட்களில் 'சந்தேகம்' என்பதை அடித்து, பக்கத்தில் காரணமும் தேதியும் எழுதினேன். முதல் கோடையில் பல நாள் ஒற்றைப் பாட்டில்தான் பிடித்திருக்கிறேன். ஒப்பிட ஜோடி இல்லை. அவை அப்படியே சந்தேகமாகவே கிடக்கின்றன.