புது போன் வந்ததும் பழையதை அழித்துவிடாதீர்கள்

புது போனைக் கையில் எடுத்ததும் திரையின் பளபளப்பும், விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடும் வேகமும் மனசை அள்ளிவிடும். அந்தச் சந்தோஷத்தை முதல் வாரத்திலேயே கெடுப்பவை பெரும்பாலும் இரண்டுதான்: மாற்றும்போது தொலைந்துபோன தகவல்கள், நினைத்ததைவிடச் சீக்கிரம் தீரும் சார்ஜ்.

மாற்றும் வேலைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இரண்டு ஆண்ட்ராய்டு போன்களையும் யூஎஸ்பி-சி கேபிளால் இணைத்து நகலெடுப்பது வைஃபையை நம்புவதைவிடப் பத்திரம், நடுவில் அறுந்துபோகாது. தொடர்பு எண்கள், படங்கள், எஸ்எம்எஸ் எல்லாம் வந்துவிடும். வாட்ஸ்அப்பைத்தான் தனியாகக் கவனிக்க வேண்டும். அதே எண்ணைப் புது போனில் பதிவு செய்ததுமே பழைய போனில் அது வெளியேறிவிடும். அதனால் முன்னதாகவே செட்டிங்ஸில் சாட்ஸ், பிறகு சாட் பேக்கப் என்று போய் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். பேக்கப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் அது நினைவிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.

இன்னும் பெரிய தலைவலி, கணக்குகளுக்குள் நுழையும்போது கேட்கும் ஆறு இலக்க எண்ணைத் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்கள். ஆப் மட்டும் புது போனுக்கு வந்து, உள்ளே இருந்த கணக்குகள் வராமல் போகலாம். கூகுள் ஆதென்டிகேட்டரைக் கூகுள் கணக்கோடு இணைக்காமல் வைத்திருந்தால், பழைய போனில் ஏற்றுமதி கொடுத்து, வரும் கியூஆர் கோடைப் புது போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய போன் உயிரோடு இருந்தால்தான் இது நடக்கும். தலைப்பில் சொன்னது இதற்காகத்தான்.

முதல் சில நாள் பேட்டரி வேகமாக இறங்கினால் பதற வேண்டாம். ஆயிரக்கணக்கான படங்களை வகைப்படுத்துவதும், ஆப்களை அப்டேட் செய்வதும் பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள். "முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்" என்பது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரிக்கு அது தேவையே இல்லை. அதற்கு ஆகாதது சூடு, அதிலும் நூறு சதவீதம் நிறைந்த நிலையில் சூடு. சார்ஜ் ஏறும்போதே கேம் விளையாடுவது, தலையணைக்கு அடியில் வைப்பது, வெயிலில் நிற்கும் காரில் விட்டுப்போவது மூன்றும் பேட்டரியின் ஆயுளைத் தின்னும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி ஐபோன் 15 முதல் உண்டு, பல ஆண்ட்ராய்டு போன்களிலும் உண்டு. வெளியூர்ப் பயணம் இல்லாத நாட்களில் அதைப் போட்டே வையுங்கள்.

பெட்டியில் சார்ஜர் வராவிட்டால், வாங்கும்போது அதன் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 9 வோல்ட், 3 ஆம்பியர் என்றிருந்தால் 27 வாட். சில போன்களுக்கு முழு வேகம் வர, போனின் தேவைக்கேற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியைக் காட்டும் பிபிஎஸ் (PPS) என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சார்ஜர் எத்தனை வாட் ஆனாலும் போன் மெதுவாகத்தான் ஏறும்.

திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 தடவை காட்சியைப் புதுப்பிக்கும் என்று வாங்கியிருந்தாலும், சில போன்களில் அது 60-லேயே நிற்கும். டிஸ்பிளே செட்டிங்ஸில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 60-ல் ஒரு காட்சிக்கு 16.7 மில்லி விநாடி, 120-ல் 8.3. காசு கொடுத்து வாங்கிய வழவழப்பை அனுபவிக்காமல் விடுவானேன்?

கேமராவில் மங்கல் தெரிந்தால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி படர்வதற்குப் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம். 50 மெகாபிக்சல் போன் 12.5 மெகாபிக்சல் படம் தந்தால் அது குறையல்ல; நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, குறைந்த வெளிச்சத்திலும் புள்ளிகள் குறைவாக விழும் படத்தைத் தருகிறது. முகங்களை எடுக்கும்போது கிட்டப்போய் 1எக்ஸில் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். இரண்டடி பின்னால் போய் 2எக்ஸ் வையுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே வீட்டுப் படங்கள் அவ்வளவு அழகாகிவிடும்.

திரைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டிய பிறகு, திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் தடுமாறினால், பழைய ரேகையை அழித்துவிட்டுக் கண்ணாடியின் மேலேயே மறுபடி பதியுங்கள்.

இரண்டு வாரம் ஓடி, வங்கி ஆப்கள் எல்லாம் புது போனில் திறக்கின்றன என்று உறுதியான பிறகு பழையதைக் கையில் எடுங்கள். முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோன் என்றால், தொலைந்த போனைத் தேட உதவும் ஃபைண்ட் மை வசதியை அணையுங்கள். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். இந்த வரிசை மாறினால், அடுத்து அதை வாங்குபவரிடம் போன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம்.